பலகையை முதலில் படிப்பதா, சிற்பத்தை முதலில் பார்ப்பதா?

1. வெயில்நடை

சென்ற வாரம் நானும் அக்காவும் ஒரு திறந்தவெளிச் சிற்பப் பூங்காவுக்குப் போயிருந்தோம். எந்தப் பூங்கா என்பது இங்கே முக்கியமில்லை. பெயரைச் சொன்னால் பேச்சு டிக்கெட், பார்க்கிங் என்று திசைமாறிவிடும். உள்ளே போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு போனோம். வெளியே வரும்போது பேச்சே இல்லை. சண்டை மூட்டிவிட்டவை சிற்பங்கள் அல்ல, அவற்றின் பக்கத்தில் நட்டிருந்த பலகைகள்.

அக்கா எந்தச் சிற்பத்தின் அருகே போனாலும் முதலில் பலகைக்குத்தான் போவார். சிற்பியின் பெயர், ஆண்டு, எதனால் செய்தது, அதற்குக் கீழே ஒரு பத்தி விளக்கம். எல்லாவற்றையும் படித்து, பலகையைப் போனில் படமும் எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் நிமிர்ந்து சிற்பத்தைப் பார்ப்பார். நான் நேர் எதிர். பலகைப் பக்கமே திரும்புவதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தகடு, துருப்பிடித்து, லேசாக வளைந்து, புல்லில் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தபோது ‘இவ்வளவுதானா’ என்றுதான் தோன்றியது. அதன் ஓரமாக நடக்க ஆரம்பித்தேன். பத்தடி போனதும் காற்று நின்றுவிட்டது. வெயில்பட்ட பக்கம் அடுப்படியில் நிற்பதுபோல அனல். சுற்றிக்கொண்டு நிழல் பக்கம் வந்தால், தகட்டின் அடியில் புல்லில் காலைப்பனி இன்னும் காயவில்லை. துருவும் ஒரே நிறம் இல்லை: மேலே செங்காவி, மழைநீர் வழிந்த தடங்களில் கறுப்பு, தரையைத் தொடும் இடத்தில் ஒரு கலங்கல் மஞ்சள். கீழ்மூலையில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதன் இழைகளிலும் துருப்பொடி. ஒரு சுற்று முடித்தபோது அதன் பெயரும் தெரியாது, செய்தவர் யார் என்றும் தெரியாது. ஆனால் உடம்புக்கு என்னவோ தெரிந்திருந்தது.

அக்கா அதே இடத்தில் பலகையைப் படித்துவிட்டு, “எல்லைகளைப் பற்றியதாம்” என்றார். நிமிர்ந்து பார்த்தார், தலையாட்டினார், அடுத்ததற்குப் போய்விட்டார். சுற்றவே இல்லை.

மூன்றாவது மணி நேரத்தில் கால் ஓய்ந்துபோய் ஒரு புல்மேட்டில் சாய்ந்தோம். முதுகுக்கு அளவெடுத்து வெட்டினாற்போல ஒரு சரிவு. சாய்ந்தால் மரம், சிற்பம், ஆட்கள் எதுவும் கண்ணில் படவில்லை, வானம் மட்டும். அவ்வளவு சுகமான இடத்தில் வைத்துத்தான் சண்டை போட்டோம்.

என் கட்சி: திறந்தவெளிச் சிற்பத்தைக் காலால்தான் பார்க்க முடியும். பலகை இரண்டாவது சுற்றுக்கு. முதலில் படித்துவிட்டால் அதன்பின் பார்ப்பது சிற்பத்தை அல்ல, படித்ததை.

அக்கா கட்சி: ஒருவர் பல வருடம் யோசித்துச் செய்ததன் எதிரே போய் நின்று, அவர் சொல்ல வருவதைக் கேட்க மாட்டேன் என்பது திமிர்.

நீங்கள் எந்தக் கட்சி?

2. பழையஏடு

உங்கள் அக்கா கட்சி. சந்தேகமே வேண்டாம்.

உங்கள் தகடு உங்களுக்கு வசதியான உதாரணம். பெரிதாக இருக்கிறது, வழியை மறிக்கிறது, சூடாகவும் இருக்கிறது. ‘என்னைப் பார்’ என்று அதுவே கூப்பிடுகிறது. எல்லாச் சிற்பமும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் என்று ஒரு பெரிய சிற்பப் பூங்கா, 1960-இல் தொடங்கியது. அங்கே ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி 1997, 98 ஆண்டுகளில் ஒரு சுவர் கட்டினார். நீளம் 2,278 அடி. சாந்து கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கியது. அந்த இடத்தில் முன்பு ஒரு பண்ணைச் சுவர் இருந்து இடிந்துபோயிருந்தது. இடிந்த சுவரை ஒட்டி மரங்கள் வளர்ந்துவிட்டன. இவர் அந்த மரங்களை வெட்டாமல், ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பாம்புபோலச் சுவரைக் கொண்டுபோகிறார். சுவர் சரிவில் இறங்கிக் குளத்துக்குள் முங்கி, மறுகரையில் எழுந்து மேடேறுகிறது.

இது எதுவும் தெரியாமல் அங்கே போகிறவர் என்ன பார்ப்பார்? ஒரு வேலிச் சுவர். தாண்டிக்கொண்டு ‘சிற்பம் எங்கே’ என்று தேடுவார். பழைய சுவர் ஒன்று இருந்தது, அது விழுந்தது, விழுந்த இடத்தில் மரம் வந்தது, இப்போது சுவர் மரத்துக்கு வழிவிடுகிறது என்ற அந்த வரிசைதான் அதன் உயிர். அதைக் கால் சொல்லாது. யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

3. முரட்டுக்கேள்வி

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கேள்வியை மறைக்கிறீர்கள். அதே துருப்பிடித்த தகடு ஒரு காயலான் கடையின் பின்புறம் சாய்ந்திருந்தால், வெயில்நடை அதைச் சுற்றி நடந்து, அனலையும் சிலந்தியையும் ரசித்திருப்பாரா? மாட்டார். பழையஏடு அதற்கு விளக்கம் தேடியிருப்பாரா? மாட்டார். அப்படியானால் நீங்கள் பார்த்தது தகட்டை அல்ல, வேலியை. உள்ளே இருந்தால் கலை, வெளியே இருந்தால் எடை போட்டு விற்க வேண்டியது.

இங்கிலாந்தில் ஹென்றி மூர் வாழ்ந்த பெர்ரி கிரீன் தோட்டத்திலிருந்து 2005 டிசம்பரில் அவருடைய வெண்கலச் சிற்பம் ஒன்று திருட்டுப்போனது. படுத்திருக்கும் உருவம், எடை 2 டன்னுக்கு மேல். லாரியும் கிரேனுமாக வந்து தூக்கிப்போனார்கள். சில மில்லியன் பவுண்டு பெறும் என்று மதிக்கப்பட்டதை வெட்டி உருக்கி, சுமார் 1,500 பவுண்டுக்குப் பழைய உலோகமாகத் தள்ளிவிட்டிருப்பார்கள் என்று போலீஸ் முடிவுக்கு வந்தது. அந்தத் திருடர்கள்தான் உங்கள் எல்லாரையும்விட நேர்மையான பார்வையாளர்கள் என்பேன்.

4. வெயில்நடை

முரட்டுக்கேள்வி, நல்ல அடி. பாதி வாங்கிக்கொள்கிறேன்.

காயலான் கடைப் பின்புறம் என்றால் நான் சுற்றியிருக்க மாட்டேன், உண்மை. ஏன்? அங்கே சுற்ற இடம் இருக்காது. தகட்டின்மேல் இன்னொரு தகடு, அதன்மேல் ஒரு பழைய சைக்கிள். சிற்பப் பூங்காவில் வேலியைவிட முக்கியம் அந்த வெற்றிடம். ஒரு பொருளைச் சுற்றி நாற்பது அடிக்கு எதையும் வைக்காமல் விட்டால், கண்ணும் காலும் தாமாகவே வேறு மாதிரி நடந்துகொள்ளும். நீங்கள் சொன்ன அதே மூர்தான், ‘சிற்பம் திறந்தவெளிக்கான கலை, அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும்’ என்று சொன்னவர். தன் சிற்பங்களுக்கு நடுவே ஆடுகளை மேயவிட்டார். மாடோ குதிரையோ வேண்டாம், அவை பெரிது, பக்கத்தில் நின்றால் சிற்பம் சின்னதாகிவிடும். ஆடுதான் சரியான அளவு என்று கணக்குப் போட்டவர். அந்த ஆடுகள் வெண்கலத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிழலில் படுத்துக்கொள்ளும். பலகை படித்த ஆடு ஒன்றுகூட இல்லை.

திருடர்களைப் பற்றி: அவர்களும் பலகை படிக்கவில்லை, சுற்றி நடந்து பார்க்கவும் இல்லை. இருட்டில் வந்து எடை பார்த்தார்கள். அதை நேர்மை என்றால், கல்யாண வீட்டில் சாப்பாட்டை மட்டும் பார்க்கிறவனும் நேர்மையானவன்தான்.

பழையஏடு ஐயா, உங்கள் சுவருக்கு ஒரு பதில் உண்டு. வேல்ஸில் டேவிட் நாஷ் 1978-இல் ஒரு ஓக் மரத் துண்டிலிருந்து பெரிய உருண்டை ஒன்றைச் செதுக்கினார். ஓடை வழியாக உருட்டிக் கொண்டுபோகலாம் என்று இறக்கினார். அது நடுவில் சிக்கிக்கொண்டது. சரி, இதுவே இதன் வேலை என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இருபது வருடத்துக்குமேல் எடுத்துக்கொண்டு, கழிமுகம் வரை போய்க் கண்ணுக்கு மறைந்தது. அதற்கு எங்கே பலகை நடுவீர்கள்?

5. பழையஏடு

அது ஓடையில் சிக்கிய கதை, நகர்ந்த கதை, மறைந்த கதை எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கழிமுகத்தில் நடந்தா? படித்தீர்கள். இல்லையென்றால் அது வெள்ளத்தில் வந்த ஒரு கட்டை.

உங்கள் உதாரணத்துக்கு நன்றி.

6. மெழுகுத்துணி

கட்சி சேர வரவில்லை. வெயில்நடையிடம் ஒரே ஒரு கேள்வி: அந்தத் தகட்டைத் தொட்டீர்களா?

வெளியே நிற்கும் சிற்பங்களைத் துடைத்துப் பராமரிக்கும் வேலையில் கொஞ்ச காலம் உதவியாளாக இருந்திருக்கிறேன். ‘உடம்புக்குத் தெரிந்தது’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கையை வைத்துவிட்டுத்தான் எழுதுவார்கள்.

நீங்கள் பார்த்தது அநேகமாகக் கார்ட்டென் வகை எஃகு. அதில் செம்பு, குரோமியம், நிக்கல் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, மேலே இறுக்கமான ஒரு துருப்படலம் உண்டாகும்; உள்ளே இருக்கும் இரும்பை அதுவே காக்கும். சாதாரண இரும்பில் துரு பொரிந்து உதிர்ந்துகொண்டே போகும், இதில் நின்றுவிடும். காய இடமில்லாமல் தண்ணீர் தேங்கும் மூலைகளில் மட்டும் அது நிற்காது, அரித்துக்கொண்டே போகும். நீங்கள் சொன்ன சிலந்தி மூலை, கலங்கல் மஞ்சள் எல்லாம் படித்ததும் எனக்கு ரசனை வரவில்லை, கவலைதான் வந்தது. அந்தக் கால்மாட்டில் தண்ணீர் வடிகிறதா என்று யாராவது பார்க்க வேண்டும்.

வெண்கலம் வேறு கதை. வெயிலிலும் மழையிலும் நின்றால் செம்பில் களிம்பு ஏறும். அதனால் உலோகத்தைச் சூடாக்கி மெழுகு பூசுவோம். சூட்டில் மெழுகு உருகி நுண்துளைகளில் இறங்கும், அதன்பின் துணியால் தேய்க்க வேண்டும். அந்தப் பூச்சு நிரந்தரம் இல்லை, திரும்பத் திரும்பப் பூச வேண்டும். கைவியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கிறது. நாளுக்கு நூறு கை பட்டால் பூச்சு போய், அதன்கீழே சிற்பி பார்த்துப் பார்த்து ஏற்றிய நிறமும் போய், வெறும் உலோகம் பளபளக்கும். ஓஸ்லோவில் விகேலாண்டின் ‘கோபக்காரப் பையன்’ சிலை, கையைப் பிடித்துப் பிடித்தே அந்தக் கை மட்டும் தங்கமாக மின்னுகிறது. சிகாகோவில் அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ இருக்கிறதே, கண்ணாடிபோல மின்னும் அந்த எஃகு அவரைவிதை, அதன் அடிப்பாகம் ஆறடி உயரத்துக்குத் தினமும் இரண்டு தடவை கையால் துடைக்கப்படுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதில் கை வைப்பதால்தான்.

பலகையில் பத்தி பத்தியாக விளக்கம் எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதலாம். ‘தொடாதீர்’ என்று மட்டும் எழுதினால் யாரும் கேட்பதில்லை. ஏன் என்று சொன்னால் பாதிப் பேர் கேட்பார்கள்.

7. வெயில்நடை

தொட்டேன். விரல் முட்டியால் ஒரு தட்டும் தட்டினேன். ‘டங்’ என்று வரும் என நினைத்தேன், ‘தொப்’ என்றுதான் வந்தது, அவ்வளவு கனம். காவலாளி விசில் ஊதினார். இதை முதலில் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான்.

8. முரட்டுக்கேள்வி

பாருங்கள், காலால் பார்க்கிறவர் கையாலும் பார்த்திருக்கிறார். அடுத்தது நாக்கால்.

9. நடத்துநர்

கேலி அளவோடு இருக்கட்டும்.

10. நெருஞ்சி

நான் பொதுவாகப் படிப்பதோடு சரி. ‘காலால்தான் பார்க்க முடியும்’ என்ற வரியில் நின்றுவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து இதுபோன்ற ஒரு பூங்காவுக்கு அழைத்துப்போனேன். பாதை முழுக்கச் சரளைக்கல். சின்னச் சக்கரம் இரண்டும் புதைந்து புதைந்து நின்றன. முதல் சிற்பம் வரை தள்ளிக்கொண்டு போவதற்குள் எனக்குக் கை விட்டுப்போனது. “இதுவே போதும், நீ போய்ச் சுற்றிவிட்டு வா” என்றார் அப்பா. நானும் போனேன். இருபதோ இருபத்தைந்தோ பார்த்தேன். இப்போது யோசித்தால் மூன்றுதான் நினைவில் இருக்கின்றன.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கருங்கல், நடுவில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அவர் சொன்னார்: “நீ போகும்போது அந்த ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அந்தச் செடிக்கிட்ட இருந்தது. இப்போ என் கால்கிட்ட வந்திருக்கு. இன்னும் பத்து நிமிஷம் இரு, மடிக்கு வந்துடும்.” இருந்தோம். வந்தது. போர்வைமேல் முட்டை வடிவில் ஒரு வெயில். அப்பா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

நாங்கள் பலகை படிக்கவில்லை, அது வெயில்நடை பக்கம். சுற்றி நடக்கவும் இல்லை, அது அவர் பக்கம் இல்லை. என்னை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள் என்று தெரியவில்லை.

11. வெயில்நடை

நெருஞ்சி, அந்த வரியை எழுதும்போது நான் உங்கள் அப்பாவைப் போன்றவர்களை நினைக்கவே இல்லை. வாபஸ் வாங்குகிறேன். நான் சிற்பத்தைச் சுற்றினேன், வெயில் அப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ‘காலால்’ என்பதை ‘நேரம் கொடுத்து’ என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் பலகை விஷயத்தில் அசைய மாட்டேன்.

பழையஏடு ஐயாவுக்கு நம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்து வைக்கிறேன். மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பம். வெட்டவெளியில், பல்லவர் காலத்திலிருந்து நிற்கிறது. என்ன கதை என்று செதுக்கியவர்கள் எழுதி வைக்கவில்லை. அர்ச்சுனன் தபசு என்கிறது ஒரு தரப்பு, பகீரதன் தவமிருந்து கங்கை இறங்குவது என்கிறது இன்னொன்று. படித்தவர்கள் இன்றுவரை ஒருமுடிவுக்கு வரவில்லை. அதனால் யாருக்காவது ரசிப்பதில் குறை வந்ததா? எந்தக் குழந்தையையும் கொண்டுபோய் நிறுத்துங்கள். முதலில் யானை. அப்புறம் அதன் கால் நடுவே நிற்கும் குட்டிகள். அப்புறம், பின்னங்காலில் நிமிர்ந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். சிரிக்காத குழந்தை கிடையாது. பலகை எங்கே?

12. பழையஏடு

இந்த உதாரணம் வரும் என்று காத்திருந்தேன்.

அந்தப் பூனை ஏன் சிரிப்பு மூட்டுகிறது? மேலே ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று இரு கையையும் தலைக்குமேல் தூக்கியிருக்கிறார், எலும்பு தெரிகிறது. பூனை அதே நிலையில் நிற்கிறது. தவம் என்றால் என்ன, அதில் எப்படி நிற்பார்கள், பூனை எலியை என்ன செய்யும், பூனை சாமியாரானால் அதன் பெயர் என்ன. இவ்வளவும் தெரிந்த கண்தான் சிரிக்கிறது. பாட்டி சொன்ன கதை, பார்த்த கூத்து, ‘உருத்திராட்சப் பூனை’ என்ற சொல், எல்லாம் சேர்ந்த பலகை ஒன்று உங்களுக்குள் ஏற்கனவே நட்டிருக்கிறது. வெளியே பலகை இல்லாததால் அது இல்லை என்று நினைத்துக்கொண்டீர்கள். தவம் என்ற ஒன்றையே கேள்விப்படாத ஊரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்னங்காலில் நிற்கும் ஒரு பூனையைப் பார்ப்பார், ‘அழகு’ என்பார், நகர்ந்துவிடுவார். உங்கள் தகட்டின் முன்னால் நீங்கள் அந்த வெளியூர்க்காரர். அதனால்தான் பலகை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உடம்பு தவறே செய்யாது என்பதுபோல நீங்கள் எழுதுவதால். ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நியூயார்க்கில் அரசு அலுவலகச் சதுக்கம் ஒன்றில் ‘டில்டட் ஆர்க்’ என்ற சிற்பத்தை நிறுத்தினார். உங்களுடையதுபோலவே துருப்பிடித்த வளைந்த எஃகுதான், 120 அடி நீளம், 12 அடி உயரம். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அவர்கள் உடம்புக்கும் ‘தெரிந்தது’. எரிச்சலாகத் தெரிந்தது. 1985-இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுங்கள் என்றார்கள். ஆனாலும் எடுக்கத்தான் முடிவானது. 1989-இல் இரவோடு இரவாக வெட்டி எடுத்துப்போனார்கள். இந்த இடத்துக்கென்றே செய்தது, இடம் மாற்றினால் அது அழிந்ததாகவே அர்த்தம் என்று செர்ரா சொல்லிப் பார்த்தார். நடக்கிறவனின் நடையை உணரவைப்பதே அதன் வேலை என்று தெரிந்து நடந்திருந்தால், எரிச்சல்பட்டவர்களில் சிலராவது வேறு மாதிரி நடந்திருப்பார்கள்.

13. முரட்டுக்கேள்வி

அந்த 58 பேர் பக்கம் நான். சாப்பாட்டு நேரத்தில் சதுக்கத்தைக் குறுக்கே கடக்க முடியாதவனுக்குப் பத்தி பத்தியாக விளக்கம் கொடுத்தால் இன்னும் கோபம்தான் வரும். விளக்கம் புரியாததால் வந்த கோபம் இல்லை அது, புரிந்ததால் வந்த கோபம். ‘உன்னைச் சுற்ற வைப்பதுதான் என் கலை’ என்றால், என்னைக் கேட்டாயா?

பூங்காவில் அந்தச் சிக்கல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே நாமாகத்தான் போகிறோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் எல்லாரும் மேலே ஏறிக்கொள்வீர்கள் என்றாலும். என் மகளுக்கு ஆறு வயதில் இப்படி ஒரு இடத்துக்குப் போனோம். குடைந்த கல் ஒன்று, உள்ளே ஒரு குழந்தை உட்காரலாம். உள்ளே போய் என்னவோ முனகினாள். கல் திருப்பி முனகியது. வெளியே வர மாட்டேன் என்று அரைமணி நேரம் அடம். அது கலையா என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்த அரைமணியும் நான் வெளியே நின்று கல்லோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

14. மெழுகுத்துணி

அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுத்தானே விட்டீர்கள்? சில சிற்பங்கள் அதற்கென்றே செய்தவை. இசாமு நொகுச்சியின் ‘மோமொதாரோ’ அப்படித்தான், அதே ஸ்டார்ம் கிங்கில் 1978-லிருந்து இருக்கிறது. பீச் பழத்திலிருந்து பிறந்த பையன் என்ற ஜப்பானியக் கதையின் பெயர் அது. கருங்கல்லைப் பிளந்து உள்ளே குழித்திருப்பார், அதில் ஏறி உட்காரலாம். கல் வெண்கலம்போல இல்லை, தாங்கும். எது தாங்கும், எது தாங்காது என்பது பார்த்தால் தெரியாது. பலகையில்தான் இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் நான் அக்கா கட்சி.

15. பழையஏடு

ஸ்டார்ம் கிங் பேச்சு வந்ததால் கடைசியாக ஒன்று. அங்கேயே மாயா லின் 2007, 08-இல் செய்த ‘வேவ்ஃபீல்டு’ இருக்கிறது. முன்பு சரளைக்கல் தோண்டிய குழி இருந்த இடம். அங்கே மண்ணைக் குவித்து, புல் போட்டு, ஏழு வரிசை அலைகளாக எழுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றும் 10 முதல் 15 அடி உயரம். கல் இல்லை, உலோகம் இல்லை. மேலே நின்று பார்த்தால் பச்சைக் கடல். உள்ளே இறங்கிவிட்டால் இரண்டு அலைகளுக்கு நடுவே மனிதர்களே தெரியாது. பலகை படிக்காதவர் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவில் புகுந்த கல்லைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். சிற்பத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சிற்பத்தைத் தவறவிடுவது என்றால் அதுதான்.

16. வெயில்நடை

இரண்டு நாளாக இங்கே வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

அக்காவிடம் சமாதானம் பேச ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். என் போனில் சிற்பப் படங்கள், அவர் போனில் பலகைப் படங்கள். என்னுடையவற்றுக்குப் பெயர் இல்லை, அவருடையவற்றுக்கு உருவம் இல்லை. சரி, ஜோடி சேர்க்கலாம் என்று மேசையில் இரண்டு போனையும் வைத்து உட்கார்ந்தோம். சிற்பம் பத்தொன்பது, பலகை இருபது. வண்ணம், உலோகம், பின்னால் தெரியும் மரம் என்று துப்பறிந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அக்காவுக்கு நான்கைந்து உருவங்கள் சுத்தமாக நினைவில் இல்லை, “இது எங்கே இருந்தது?” என்றார். அதை எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் உதவும்.

கடைசியில் ஒரு பலகை மிச்சம். ஜோடி இல்லை. “நீ அந்தச் சிற்பத்தைப் படம் எடுக்காமல் விட்டிருப்பாய்” என்றார் அக்கா. நான் எதையும் விடவில்லை என்றேன். பலகையைப் பெரிதாக்கிப் படித்தோம். அக்கா அதைப் படம் எடுத்தாரே தவிரப் படிக்கவில்லையாம், கால் வலியில் ‘வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டார். பொருள்: மண், புல். கீழே விளக்கம், என் சொல்லில் தருகிறேன்: சாய்ந்து படுக்கிறவரின் முதுகுக்குப் பொருந்தும்படி சரிவு வெட்டப்பட்டிருக்கிறது, படுத்தவருக்குப் பூங்கா மறைந்து வானம் மட்டும் தெரியும்.

நாங்கள் சண்டை போட்ட மேடு.

17. பழையஏடு

நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

18. வெயில்நடை

சொன்னேன். அவர் தோற்றுவிட்டதாகத்தான் நினைக்கிறார், ஏனென்றால் படிக்காமல் விட்ட ஒரே பலகை அது. நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிப் பார்த்தேன். முதுகுக்கு அளவெடுத்தாற்போல, வானம் மட்டும் என்று பலகையில் இருப்பதை எல்லாம் பலகை பார்க்காமலேயே முதல் பதிவில் எழுதியிருக்கிறேன், மேலே போய்ப் பாருங்கள். “எழுதினாய், ஆனால் அது சிற்பம் என்று உனக்குத் தெரியாதே” என்கிறார். தெரிந்திருந்தால் அப்படிச் சாய்ந்திருப்பேனா? ஷூவைக் கழற்றிவிட்டு, மெழுகுத்துணி பார்ப்பாரோ என்று பயந்து, ஓரமாக உட்கார்ந்திருப்பேன்.

19. மெழுகுத்துணி

புல் தாங்கும். மழை பெய்த அடுத்த நாள் மட்டும் வேண்டாம், சரிவு கரையும்.

20. முரட்டுக்கேள்வி

ஆக, இருபதில் நன்றாக இருந்த ஒரே சிற்பம், சிற்பம் என்று தெரியாமல் பார்த்தது. நான் போய்த் தூங்குகிறேன்.

21. நெருஞ்சி

வெயில்நடை, அந்த மேடு வரைக்கும் பாதை எப்படி? சரளையா, தாரா? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பார்க்கிறேன்.

22. வெயில்நடை

தார். கடைசி இருபதடி மட்டும் புல், லேசான ஏற்றம். ஒருவர் தள்ளினால் கஷ்டம், இரண்டு பேர் வேண்டும். எந்தப் பூங்கா, எந்த வாசல் என்று தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். நாள் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அக்காவும் வருகிறாராம்.